பழைய ரிம்லெஸ் தொட்டியைச் சரிசெய்தது

சிங்கப்பூர் ஈசூனில் வீடு மாறிய ஒருவரிடம் ரிம்லெஸ் மீன்தொட்டி ஒன்று மலிவாகக் கிடைத்தது. மேல்சட்டம் இல்லாததால் கண்ணாடிகளைப் பிடித்து நிறுத்துவது சிலிகான் பசை மட்டும்தான். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, இரண்டு கண்ணாடிக்கும் நடுவே உள்ள மெல்லிய ஒட்டைத்தான் முதலில் பார்த்தேன். குமிழியோ வெள்ளைத் திட்டோ உள்ளே ஓடியிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். இதில் ஒட்டு தெளிவாக இருந்தது, விளிம்பிலும் சில்லு பெயரவில்லை. உட்புற ஓரப்பூச்சு மட்டும் ஒரு மூலையில் உரிந்திருந்தது. பாசி சுரண்டும் பிளேடு பட்டிருக்கும்.

பழைய சிலிகான்மேல் புதியது சரியாகப் பிடிக்காது. அதனால் உள்பூச்சு முழுவதையும் சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்து, பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிகானைப் பூசி, புளித்த வாடை போகும்வரை காயவிட்டேன். அப்புறம் மட்டம் பார்த்து, சுற்றிலும் பழைய தமிழ் முரசு நாளிதழை விரித்து, முதலில் பாதி, பிறகு முழுவதும் நீர் நிரப்பினேன். 60×30×36 செ.மீ. தொட்டி என்றால் கிட்டத்தட்ட 65 கிலோ நீர். தாளில் எங்கும் ஈரம் இல்லை.