அமெரிக்காவில் போர்டு சான்றிதழ்: வாங்கும் வழியும் காப்பாற்றும் வழியும்

எம்பிபிஎஸ் முடித்து அமெரிக்கா போக நினைப்பவர்கள் பலர் லைசென்ஸையும் போர்டு சான்றிதழையும் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறார்கள். லைசென்ஸ் என்பது மருத்துவம் பார்க்க மாநிலம் தரும் அனுமதி. அது இல்லாமல் ஒரு மாத்திரைகூட எழுதித் தர முடியாது. போர்டு சான்றிதழ் உங்கள் துறையில் நீங்கள் தேர்ந்தவர் என்பதற்கான அத்தாட்சி. அதைச் சட்டம் கேட்பதில்லை. ஆனால் பல மருத்துவமனைகளும் காப்பீட்டு நிறுவனங்களும் கேட்கும் என்பதால், அது இல்லாமல் நல்ல வேலை கிடைப்பது கடினம்.

இதைத் தருவது அரசு இல்லை, மருத்துவர்களே அமைத்த வாரியங்கள். 1916-இல் கண் மருத்துவர்கள் தொடங்கிவைத்தார்கள். 1933-இல் இந்த வாரியங்களுக்கான கூட்டமைப்பு, அதாவது ஏபிஎம்எஸ், உருவானது. இன்று அதில் 24 வாரியங்கள் இருக்கின்றன. வெளிநாட்டில் படித்தவர்கள் அதிகம் சேரும் பொது மருத்துவத்தை, அதாவது இன்டர்னல் மெடிசினை, வைத்தே வழியைச் சொல்கிறேன். அதன் வாரியத்தின் பெயர் ஏபிஐஎம்.

படி 1: நுழைவு

அமெரிக்க மருத்துவ லைசென்ஸ் தேர்வான யுஎஸ்எம்எல்இ-யின் ஸ்டெப் 1, ஸ்டெப் 2 சிகே இரண்டிலும் தேறி, மருத்துவ ஆங்கிலத்துக்கான ஓஇடி தேர்வையும் முடித்து, இசிஎஃப்எம்ஜி, அதாவது வெளிநாட்டில் படித்த மருத்துவர்களின் தகுதியைச் சரிபார்க்கும் அமைப்பு, தரும் சான்றை வாங்க வேண்டும். ஸ்டெப் 1-க்கு 2022 முதல் மதிப்பெண் கிடையாது; தேர்ச்சியா இல்லையா என்பது மட்டும்தான். அதனால் ஸ்டெப் 2 மதிப்பெண்ணின் கனம் கூடிவிட்டது.

படி 2: ரெசிடென்சி

எல்லாவற்றுக்கும் அடித்தளம், மருத்துவமனையில் மேற்பார்வையில் வேலை பார்த்தபடி பெறும் இந்தத் துறைப் பயிற்சிதான். மார்ச் மாதம் மேட்ச், அதாவது பயிற்சி இட ஒதுக்கீட்டு, முடிவு வரும், ஜூலையில் வேலை தொடங்கும். பொது மருத்துவத்துக்கு 36 மாதங்கள். பயிற்சித் திட்டங்களை மதிப்பிடும் ஏசிஜிஎம்இ அமைப்பின் அங்கீகாரம் பெற்ற இடமாக இருக்க வேண்டும். இந்தியாவில் எம்டி ஜெனரல் மெடிசின் முடித்துப் பல ஆண்டு வார்டு பார்த்தவரும் பொதுவாக மறுபடி ரெசிடென்டாகத்தான் தொடங்க வேண்டியிருக்கும். மனதுக்குக் கஷ்டமான விஷயம், அதனால் விமானம் ஏறும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். டென்னசி போன்ற சில மாநிலங்கள் அங்கே ரெசிடென்சி செய்யாதவர்களுக்கும் தற்காலிக லைசென்ஸ் தரச் சட்டம் இயற்றியுள்ளன. ஆனால் அந்த லைசென்ஸ் கையில் இருப்பதாலேயே போர்டு தேர்வு எழுத முடியாது.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. ரெசிடென்சி முழுக்க உங்களைப் பற்றி வாரியத்துக்கு மதிப்பீடு அனுப்புகிறவர் பயிற்சித் திட்டத்தின் தலைவரான ப்ரோகிராம் டைரக்டர். மருத்துவ அறிவோடு, நோயாளியிடம் பேசும் விதம், தவறிலிருந்து கற்றுக்கொள்வது, தொழில் நேர்மை எல்லாம் அதில் அடங்கும். அவர் திருப்தி தெரிவிக்காவிட்டால் தேர்வு அறைக்குள்ளேயே போக முடியாது. இந்த ஏற்பாட்டை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறி வருகிறவரை ஒருவர் எப்படிக் கவனிக்கிறார் என்பதை எந்தக் கேள்வித்தாளாலும் அளக்க முடியாது.

படி 3: லைசென்ஸ்

யுஎஸ்எம்எல்இ-யின் ஸ்டெப் 3 தேர்வை ரெசிடென்சியின்போதே முடித்துவிடுங்கள். முழு லைசென்ஸுக்கு அது வேண்டும். பின்னாளில் லைசென்ஸுக்கு ஏதாவது கட்டுப்பாடு வந்தால் போர்டு சான்றிதழும் ஆட்டம் காணும்.

படி 4: போர்டு தேர்வு

ரெசிடென்சி முடிந்த கையோடு, வழக்கமாக ஆகஸ்டில் நடக்கும். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் வீதம் நான்கு அமர்வுகள், அதிகபட்சம் 240 கேள்விகள். அறுவை சிகிச்சைத் துறையில் எழுத்துத் தேர்வோடு வாய்மொழித் தேர்வும் உண்டு.

முதல் வாய்ப்பிலேயே எழுதிவிடுவது நல்லது. பயிற்சி முடித்துத் தேர்வு எழுதக் காத்திருப்பவரை ‘போர்டு எலிஜிபிள்’ என்பார்கள். ஏபிஐஎம்மில் அந்தத் தகுதி 7 ஆண்டுகள் வரைதான். இதயம், இரைப்பை-குடல் போன்ற உட்பிரிவுகளுக்குப் போக ஆசைப்பட்டால் அதற்கு மேல் 3 ஆண்டு ஃபெல்லோஷிப் என்ற உட்பிரிவுப் பயிற்சி. முதலில் பொது மருத்துவச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் அந்தப் பிரிவின் தேர்வை எழுத முடியும்.

படி 5: காப்பாற்றுவது

1990-க்கு முன் ஏபிஐஎம் பொது மருத்துவத்துக்குத் தந்த சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். அதன்பின் வந்தவர்கள் தொடர்ந்து நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். தொடர்கல்வி போன்ற செயல்பாடுகளால் 5 ஆண்டுக்கு 100 புள்ளிகள் சேர்க்க வேண்டும், அப்புறம் அறிவுத் தேர்வு. தேர்வுக்கு இரண்டு வழிகள்: 10 ஆண்டுக்கு ஒருமுறை நாள் முழுக்க எழுதும் பழைய முறை, அல்லது 2022-இல் வந்த எல்கேஏ, அதாவது சிறிது சிறிதாகத் தொடர்ந்து எழுதும் தேர்வு.

எல்கேஏ-வில் மூன்று மாதத்துக்கு 30 கேள்விகள் வரும். ஒவ்வொன்றுக்கும் 4 நிமிடம். வீட்டிலிருந்தே எழுதலாம், புத்தகமும் இணையமும் பார்க்கலாம், இன்னொருவரிடம் மட்டும் கேட்கக் கூடாது. 5 ஆண்டில் வரும் 600 கேள்விகளில் 500-ஐயாவது திறந்திருக்க வேண்டும். விடை சொன்னதுமே சரியா தவறா என்றும், ஏன் என்றும் விளக்கம் வந்துவிடும். என் சிபாரிசு இதுதான். கடைசி வாரம் வரை தள்ளாமல், வாரத்துக்கு இரண்டு மூன்று கேள்விகள் என்று போட்டுவிடுங்கள்.

இந்தத் தொடர் சான்றிதழ் முறைக்கு மருத்துவர்களிடையே கடும் எதிர்ப்பும் இருக்கிறது. பணமும் நேரமும் வீண் என்ற கோபம் வலுத்து, 2015-இல் ஏபிஐஎம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுச் சில நிபந்தனைகளை நிறுத்திவைத்தது. அதே ஆண்டு என்பிபிஏஎஸ் என்ற மாற்று அமைப்பும் வந்தது. கட்டணத்தைப் பற்றிய கோபம் நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் மாற்று அமைப்பின் சான்றை எல்லா மருத்துவமனைகளும் ஏற்பதில்லை. அதை நம்பி ஏபிஐஎம்மை விடும் முன், வேலை பார்க்கும் மருத்துவமனையில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 6: உங்கள் பெயரைச் சரிபாருங்கள்

ஏபிஐஎம் இணையதளத்தில் எந்த மருத்துவரின் நிலையையும் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். நோயாளிகளும் அங்கேதான் தேடுவார்கள். தேர்ச்சி பெற்றதும் உங்கள் பெயர், எழுத்துக்கூட்டல் எல்லாம் லைசென்ஸில் உள்ளபடியே இருக்கிறதா பாருங்கள். தகப்பனார் பெயரை இனிஷியலாகப் போடும் நம் வழக்கத்தால் ஒரே ஆள் இரண்டு ஆவணத்தில் இரண்டு பெயரில் இருப்பது நடக்கக்கூடியதே. வேலைக்கு விண்ணப்பிக்கும் முன் அதைத் திருத்திவிடுங்கள்.