பேய் உலாவில் முதலில் கெடுவது நினைவுதான்

பேய் நடமாடுவதாகச் சொல்லப்படும் இடங்களை வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கும் பேய் உலாவுக்குக் கிளம்பும் பலர், போகும் முன்பே அந்த இடத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவிடுகிறார்கள். எந்தப் படிக்கட்டில் வெள்ளை உருவம் நிற்கும், எந்த அறையில் திடீரென்று குளிரும் என்று எல்லாம் அத்துப்படி. அப்புறம் அந்தப் படிக்கட்டில் ஒரு நிழல் ஆடினால், கண்டது எது, படித்தது எது என்று அவர்களாலேயே பிரித்துச் சொல்ல முடிவதில்லை. பல வருடங்களாக இந்த உலாக்களுக்குப் போய் வருகிறேன். எனக்கு அதிக வருத்தம் தரும் தவறு இதுதான். ஓர் இடத்தை ஒன்றும் தெரியாமல் பார்க்கும் வாய்ப்பு ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். கதையைத் திரும்பி வந்து படித்துக்கொள்ளலாம், அது எங்கேயும் ஓடிப்போகாது.

இதற்கு அடுத்த தவறு, முதலில் பேசிவிட்டுப் பிறகு எழுதுவது. ஒருமுறை நிலத்தடி அறையிலிருந்து வரிசையாக மேலே ஏறிக்கொண்டிருந்தோம். எனக்கு முன்னால் போன பெண், “இடது தோளில் ஏதோ பட்ட மாதிரி இருந்தது” என்று மெதுவாகச் சொன்னார். பின்னாலிருந்து ஒருவர், “எனக்கும்தாங்க, சில்லென்று ஒரு கை” என்றார். தெருவுக்கு வந்து சேர்வதற்குள் அந்தப் பெண்ணும் “சில்லென்ற கை” என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ‘ஏதோ பட்டது’ என்ற அந்த முதல் வார்த்தை போய்விட்டது, அதை இனி யாராலும் மீட்க முடியாது. அன்றிலிருந்து என் சட்டைப் பையில் சின்ன நோட்டு ஒன்று இருக்கிறது. உலா முடிந்ததும் யாரிடமும் வாய் திறக்காமல் ஓரமாக நின்று எழுதிவிடுவேன்: மணி என்ன, நான் எங்கே நின்றேன், வெளிச்சம் எந்தப் பக்கம், காற்று வந்ததா, என்ன உணர்ந்தேன்.

பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் நடந்ததாகச் சொல்லப்படும் பெயர்பெற்ற சம்பவத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. 1901 ஆகஸ்ட் 10 அன்று ஷார்லட் மோபர்லி, எலினார் ஜோர்டெய்ன் என்ற இரண்டு ஆங்கிலக் கல்வியாளர்கள் அந்த அரண்மனைத் தோட்டத்தில் நடந்தார்கள். பழைய காலத்து உடையில் ஆட்களைக் கண்டதாகவும், மனம் காரணமில்லாமல் பாரமானதாகவும் பிறகு சொன்னார்கள். இருவரும் தனித்தனியாக எழுதிவைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் எழுதியது நவம்பரில், அதுவும் தங்களுக்குள் பேசிக்கொண்ட பிறகு. புத்தகமாக வந்தது 1911இல். அவர்களுடைய நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. அன்று மாலையே ஆளுக்கு ஒரு பக்கம் எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்றுதான் மனம் அடித்துக்கொள்கிறது.

பழைய நிகழ்வுகளைப் படிக்கும்போது இன்னொரு தவறு நடக்கிறது. சாட்சிகளை எண்ணுகிறோம், ஏடுகளை எண்ணுவதில்லை. இங்கிலாந்தில் 1642 அக்டோபர் 23 அன்று எட்ஜ்ஹில் போர் நடந்தது. இரண்டு மாதம் கழித்து அதே போர் இரவு வானில் மறுபடி நடந்ததாக மேய்ப்பர்களும் ஊராரும் சொன்னார்களாம். முதலாம் சார்லஸ் மன்னர் அதிகாரிகளை அனுப்பினாராம். அவர்களும் கண்டார்களாம், செத்தவர்களின் முகங்களைக்கூட அடையாளம் தெரிந்துகொண்டார்களாம். கேட்கும்போது சிலிர்க்கிறது. ஆனால் இத்தனை சாட்சிகளும் பெரும்பாலும் 1643 ஜனவரியில் அச்சான ஒரு சிறு துண்டுநூல் வழியாகத்தான் நம்மிடம் வந்து சேர்கிறார்கள். நாடு உள்நாட்டுப் போரில் எரிந்துகொண்டிருந்த நேரம் அது. இதனால் கதை பொய் என்று ஆகிவிடாது. எத்தனை வாய் என்று கேட்டபின் எத்தனை கை எழுதியது என்றும் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

நம்புகிறவர்கள் மட்டும்தான் தவறுவார்கள் என்று இல்லை. பொறியாளர் விக் டாண்டி வேலை பார்த்த ஆய்வகத்தில் காரணமில்லாத பயமும், ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவமும் வந்துபோயின. மறுநாள் வாள்வீச்சுக்கான மெல்லிய வாள் ஒன்றைப் பிடிப்புக் கருவியில் பொருத்தியபோது, அதன் அலகு தானாக அதிர்ந்தது. தேடிப் பார்த்ததில், புதிதாக மாட்டிய காற்று வெளியேற்றும் விசிறி சுமார் 19 ஹெர்ட்ஸ் அளவில், காதுக்குக் கேட்காத அதிர்வை, அதாவது தாழ்ஒலியை, உண்டாக்கிக்கொண்டிருந்தது. விசிறியைச் சரிசெய்ததும் எல்லாம் நின்றது. 1998இல் இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். அருமையான வேலை. ஆனால் இப்போது எந்த இடத்தைப் பற்றிப் பேசினாலும், “அதுவா, தாழ்ஒலி” என்று ஒருவர் முடித்துவிடுகிறார். டாண்டி விளக்கியது தன் அறையை. அவர் தேடிப் பார்த்தார், அளந்தார். அதைச் செய்யாமல் அவருடைய விடையை மட்டும் கடன் வாங்குவதும் கதையை அப்படியே நம்புவதும் எனக்கு ஒன்றுதான்.

புகைப்படம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் மிதக்கும் வெள்ளை வட்டங்கள் பெரும்பாலும் லென்ஸுக்கு அருகே பறந்த தூசி, இல்லையென்றால் ஈரத் துளி. ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். கூட வந்தவர்களின் கண்ணும் இருட்டுக்குப் பழகும். கல்லறைத் தோட்டமாக இருந்தால் குரலைத் தாழ்த்துங்கள், கல்லின் மேல் ஏறாதீர்கள். கயிறு கட்டி அடைத்த பழைய தளத்தில் கால் வைக்காதீர்கள்.

‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்று சொல்லிச் சிரிப்பதைத்தான் என்னால் ஏற்க முடிவதில்லை. 1953இல் இங்கிலாந்தின் யார்க் நகரில், ட்ரெஷரர்ஸ் ஹவுஸ் என்ற பழைய மாளிகையின் நிலவறையில் ஹாரி மார்ட்டிண்டேல் என்ற இளைஞர் குழாய் வேலை செய்துகொண்டிருந்தார். சுவருக்குள்ளிருந்து ரோமானியப் படைவீரர்கள் களைத்துப்போய் நடந்து வந்ததாகவும், முழங்காலுக்குக் கீழே தெரியவில்லை என்றும், பழைய ரோமானியச் சாலையைத் தோண்டியிருந்த இடம் வந்தபோதுதான் பாதங்கள் தெரிந்தன என்றும் சொன்னார். கேலிக்குப் பயந்து பல காலம் வாயை மூடிக்கொண்டார். உலகம் அதைக் கேட்டது 1970களில். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த நினைவில் என்ன கூடியது, என்ன குறைந்தது என்று இனி யார் சொல்வது? கேலி செய்தவர்கள் ஒரு சாட்சியத்தையே பாழாக்கினார்கள்.

வழிகாட்டிகளிடம் நான் எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “இதை முதலில் சொன்னது யார், எப்போது?” கூட்டத்தின் நடுவில் கேட்க மாட்டேன், அது அவருடைய நேரம். எல்லோரும் போன பிறகு கேட்பேன். போன முறை கேட்டபோது, கதவைப் பூட்டிக்கொண்டிருந்த வழிகாட்டி சாவியை வெளியே எடுக்காமலே சற்று நேரம் நின்றார். “நான் சொன்னதெல்லாம் கேள்விப்பட்டதுதான் சார். ஆனா போன குளிர்காலத்துல எனக்கே ஒண்ணு நடந்தது. அதை உலாவுல சொல்றதில்லை” என்றார். நோட்டை எடுக்கலாமா என்று கேட்டேன். தலையசைத்தார். தேதியிலிருந்து ஆரம்பித்தோம்.