டியூப் ஆம்ப்பில் ஓவர்டிரைவ் பெடல்: டிரைவைக் குறையுங்கள், லெவலைக் கூட்டுங்கள்

டியூப் ஆம்ப் (வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் கிட்டார் ஆம்ப்ளிஃபயர்) வாங்கிய புதிதில், அதோடு ஓவர்டிரைவ் பெடலை (ஒலிக்குக் கரகரப்பு சேர்க்கும், காலால் மிதிக்கும் பெட்டி) வைத்துக்கொண்டு மூன்று மாதம் எனக்கு ஒரே போராட்டம். அறையில் தனியாக வாசித்தால் டிஸ்டார்ஷன், அதாவது அந்தக் கரகரப்பு, அருமையாக இருக்கும். டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் என் கிட்டார் காணாமல் போய்விடும். கார்டு அடித்தால் ஆறு ஸ்ட்ரிங்கும் கூழாகக் கலந்து வெறும் இரைச்சல்தான் கேட்கும். பெடலை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், பலனில்லை. தப்பு, நான் குமிழ்களை வைத்திருந்த விதத்தில் இருந்தது.

என்னிடம் இருப்பது ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர். 15 வாட், மூன்று 12ஏஎக்ஸ்7 டியூப், ஸ்பீக்கருக்கு வலு தரும் இரண்டு ஈஎல்84 பவர் டியூப். பெடல், பாஸ் (Boss) நிறுவனத்தின் எஸ்டி-1 ஓவர்டிரைவ். உங்களுடையது வேறாக இருந்தாலும் முறை இதேதான்.

இணைப்பு. கிட்டாரிலிருந்து பெடல், பெடலிலிருந்து ஆம்ப்பின் முன்பக்க இன்புட். ஆம்ப்பின் பின்னால் எஃபெக்ட்ஸ் லூப் (பெடல்களை ஆம்ப்பின் நடுவில் இணைக்கும் ஜாக்குகள்) இருந்தால் ஓவர்டிரைவை அதில் போடாதீர்கள். அந்த இடம் டிலே, ரிவெர்ப் போன்ற எதிரொலிப் பெடல்களுக்கு. லூப் வருவது ப்ரீஆம்ப்புக்கு (சிக்னலை முதலில் பெருக்கும் பகுதி) பின்னால். நாம் தள்ள வேண்டியதோ ப்ரீஆம்ப் டியூப்களை.

முதலில் ஆம்ப் மட்டும். பெடல் அணைந்திருக்கட்டும். பேஸ், மிடில், ட்ரெபிள் மூன்றும் நடுவில். வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே ஒரே கார்டைத் திரும்பத் திரும்ப அடியுங்கள். மெதுவாக அடித்தால் சுத்தமாகவும், அழுத்தி அடித்தால் லேசாகக் கரகரவென்றும் ஒலிக்கிற இடம் ஒன்று வரும். அங்கேயே நிறுத்துங்கள். வீட்டில் சத்தம் அதிகமானால் மாஸ்டரை (மொத்த சத்தத்துக்கான குமிழ்) குறைத்துக்கொள்ளுங்கள், வால்யூமைத் தொடாதீர்கள். உங்கள் கிட்டாரில் வலுவான சிக்னல் தரும் இரட்டைச் சுருள் ஹம்பக்கர் பிக்கப் என்றால் இந்த இடம் சீக்கிரமே வந்துவிடும்.

இப்போது பெடல். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான், அதனால் நிதானமாகப் படியுங்கள். டிரைவ் என்றால் கரகரப்பு, லெவல் என்றால் சத்தம் என்று நினைத்து, டிரைவை முக்கால்வாசி திருப்பி, சத்தம் கூடக் கூடாதே என்று லெவலைக் குறைத்து வைத்திருந்தேன். அப்படி வைத்தால் பெடலுக்குள்ளேயே சிக்னல் நசுங்கிவிடும். ஆம்ப் டியூப்கள் அதை மேலும் நசுக்கும். அரைத்த மாவையே மறுபடி அரைப்பது போல.

தலைகீழாக மாற்றுங்கள். டிரைவைக் கிட்டத்தட்ட பூஜ்ஜியத்தில் வையுங்கள். டோன் நடுவில். லெவலை முக்கால்வாசிக்குக் கொண்டுபோங்கள். பெடலை மிதித்ததும் சத்தம் நீங்கள் எதிர்பார்த்த அளவு கூடாது, கரகரப்புதான் கூடும். டியூப் ஏற்கெனவே தன் எல்லையில் நிற்பதால், கூடுதலாக வரும் சிக்னலை அது உயரமாக்க முடியாமல் தலையை வெட்டிவிடுகிறது. அந்த வெட்டுதான் நாம் தேடும் டோன். அதாவது பெடலின் லெவல் குமிழ், இந்த நிலையில், ஆம்ப்பின் கெயின் (கரகரப்பைக் கூட்டும்) குமிழாகவே வேலை செய்கிறது. இது புரிந்த அன்று இரவு தூக்கமே வரவில்லை எனக்கு.

இன்னும் கரகரப்பு வேண்டுமென்றால் அப்புறம் டிரைவைத் துளித்துளியாகக் கூட்டலாம். குறைக்க, கிட்டாரின் வால்யூமை 6 அல்லது 7-க்கு இறக்கினாலே போதும். பெடலை அணைக்காமலே ஒலி சுத்தமாகிவிடும்.

எந்தப் பெடல்? 1981-இல் வந்த எஸ்டி-1-ஐத்தான் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்குச் சொல்வேன். விலை குறைவு, உழைக்கும். ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமரும் நன்றாக இருக்கும். அதில் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போகப் பெருக்கம் குறையும். தடித்த ஈ ஸ்ட்ரிங்கின் அடிப்படை ஒலி 82 ஹெர்ட்ஸ்தான் என்பதால், கீழ் ஒலிகள் டியூப்பில் போய்க் குழம்புவதில்லை. மிட், அதாவது நடு ஒலிகள், முன்னால் நிற்கும். டிரம்ஸுக்கு நடுவே என் கிட்டார் மீண்டும் கேட்கத் தொடங்கியதற்கு எஸ்டி-1-இல் உள்ள இதே குணம்தான் காரணம்.

டிஸ்டார்ஷன் பெடலுக்கு இந்த முறை ஒத்துவராது. பாஸ் டிஎஸ்-1, ப்ரோகோ ரேட் (RAT) போன்றவை டயோடுகளால் சிக்னலைக் கறாராக வெட்டிவிடுகின்றன. முழு ஒலியும் பெடலுக்குள்ளேயே தயாராகிவிடும். அதனால் ஆம்ப்பைச் சுத்தமாக வையுங்கள், வால்யூமை அந்தக் கரகரப்பு இடத்துக்கு நன்றாகக் கீழே. லெவல், பெடல் அணைந்திருக்கும்போது வரும் சத்தத்துக்குச் சமமாக இருந்தால் போதும். என் சின்ன ஆம்ப்பில் டிஎஸ்-1 டோனைப் பாதிக்கு மேல் ஏற்றினால் காது கூசும். கால்வாசியில்தான் வைக்கிறேன்.

பின்சேர்க்கை: இதைப் படித்தவர்கள் கேட்டதிலிருந்து மூன்று விஷயங்கள்.

பெடலைப் போட்டதும் "கீ" என்று ஒரு சத்தம் வந்தால், ஒரே அடாப்டரிலிருந்து டிஜிட்டல் டிலேக்கும் ஓவர்டிரைவுக்கும் கரண்ட் போகிறதா என்று பாருங்கள். ஓவர்டிரைவை மட்டும் 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். சத்தம் நின்றால், ஒவ்வொரு அவுட்புட்டும் தனித்தனியாகப் பிரிந்த பவர் சப்ளை வாங்குங்கள்.

பேட்டரி இரண்டே நாளில் தீர்ந்துபோகிறது என்றால், வாசித்து முடித்ததும் இன்புட் கேபிளைக் கழற்றுங்கள். பாஸ் பெடல்களில் அந்த ஜாக்தான் பவர் சுவிட்ச். மிதித்து அணைத்தாலும் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஆம்ப் என்றால், பின்பக்கம் 120 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதை நம் ஊர் 230 வோல்ட்டில் நேராகச் செருகிவிடாதீர்கள். ஆம்ப்பின் வாட் கணக்கைத் தாங்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அந்த 15 வாட், ஸ்பீக்கருக்குப் போகும் அளவுதான். சுவரிலிருந்து இழுப்பது அதைவிடப் பல மடங்கு. பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்தே வாங்குங்கள்.