கட்டணமில்லாமல் கட்டுரையைத் திறந்து வைக்க ஒரு வழி

ஆய்வுக் கட்டுரை ஏற்கப்பட்டதாக இதழிலிருந்து மின்னஞ்சல் வந்த அன்றே, கடைசியாகத் திருத்தி அனுப்பிய வேர்ட் கோப்பைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். கோப்பின் பெயரிலேயே ‘ஏற்கப்பட்ட பிரதி’ என்று போட்டு, தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சந்தா இதழ்களில் பலவும், பதிப்பகம் வடிவமைத்த பிடிஎஃப்பைப் பொதுவில் போட விடுவதில்லை. ஆனால் மதிப்பாய்வு முடிந்து ஏற்கப்பட்ட உங்கள் சொந்தப் பிரதியைக் களஞ்சியத்தில் (ஆய்வுகளைச் சேமித்துப் பொதுவில் வைக்கும் இணையதளத்தில்) வைக்கப் பெரும்பாலும் அனுமதி உண்டு. வளரும் நாடுகளில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். திறந்த அணுக்கக் கட்டணமாக (எல்லாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட ஆசிரியரிடம் வாங்குவது) ஆயிரக்கணக்கான டாலர் கேட்கும் இதழில் வெளியிட்டாலும், ஒரு காசு கொடுக்காமல் கட்டுரையை எல்லாரும் படிக்க வைக்கலாம். உங்கள் பல்கலைக்கழகத்தில் களஞ்சியம் இல்லையா? சரி, ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிறுவனமான செர்ன் நடத்தும் ஸெனோடோ என்ற களஞ்சியம் இருக்கிறது. இலவசம்தான், கட்டுரையை நிலையாக அடையாளம் காட்டும் டிஓஐ எண்ணும் தருகிறது.

இதழின் விதியை பிரிட்டனின் ஜிஸ்க் அமைப்பு நடத்தும் ‘ஓப்பன் பாலிசி ஃபைண்டர்’ தளத்தில் (பழைய ஷெர்பா ரோமியோதான்) ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். 6 மாதம், 12 மாதம் என்று, பொதுவில் திறக்கக் கூடாத காத்திருப்புக் காலம் இருந்தால் இப்போதே ஏற்றிவிட்டு, திறக்கும் தேதியை மட்டும் தள்ளி வையுங்கள். அப்புறம் ஏற்றலாம் என்று விட்டால் யாரும் ஏற்றுவதில்லை, நான் உட்பட.

கட்டுரை ஏற்கெனவே சிசி பிஒய் உரிமத்தில் (ஆசிரியர் பெயரைக் குறிப்பிட்டு யாரும் பகிரலாம் என்பது) வந்திருந்தால் இந்தச் சுற்றெல்லாம் வேண்டாம். இதழின் பிடிஎஃப்பையே அப்படியே ஏற்றலாம்.