காசு கட்டினால் உரிமை கூடாது: டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு அமெரிக்காவில் பள்ளி தேடுகிறவர்களுக்கு

அமெரிக்காவில் வந்து இறங்கியதும் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: நல்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்டாக (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) பார்த்து வீடு எடுங்கள். சரி, எடுத்தாயிற்று. வாடகை ஒப்பந்தம், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி விவரம் கொண்டுபோனால் பப்ளிக் ஸ்கூலில், அதாவது அரசுப் பள்ளியில், சேர்த்துக்கொள்வார்கள். அதை விளக்கப்போவதில்லை. வாசிக்கத் திணறும் பிள்ளையோடு வந்து, "நாலு காசு கூடச் செலவானாலும் பிரைவேட்டில் போட்டுவிடலாம்" என்று யோசிக்கிறவர்களுக்குத்தான் இது. நாங்களும் அப்படித்தான் யோசித்தோம்.

என் மகனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிக்கவும் எழுதவும் திணற வைக்கும் கற்றல் குறைபாடு. இரண்டாம் வகுப்பில் எனக்குச் சந்தேகம் வந்தபோது, "வீட்டில் வேறு மொழி பேசுகிற பிள்ளை, ஆங்கிலம் பழகினால் சரியாகிவிடும், ஒரு வருடம் பார்ப்போம்" என்றார் டீச்சர். ஆனால் அவன் தமிழிலும் அப்படித்தான். 'கொடி' எழுதச் சொன்னால் கொம்பைக் ககரத்துக்குப் பின்னால் போடுவான். அழிப்பான், மறுபடியும் அங்கேயே போடுவான். தாள் கிழிகிற வரைக்கும். இரண்டு மொழியிலும் தடுமாறுகிறவனுக்கு ஆங்கிலம் பழகாததுதான் கோளாறா? அந்த நோட்டைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் பேச்சு மாறியது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு நோட்டு இருந்தால் எடுத்துவையுங்கள்.

பிள்ளைக்குச் சிறப்பு உதவி தேவையா என்று பள்ளி சோதித்துப் பார்க்கும் எவாலுவேஷன் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். வாயால் கேட்டதற்குச் சாட்சி இருக்காது. நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டு 60 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது மத்தியச் சட்டம். சில மாநிலங்கள் தனிக் கெடு வைத்திருக்கின்றன. கட்டணம் கிடையாது. பிள்ளைக்குத் தகுதி உண்டு என்று முடிவானால் ஐ.இ.பி. (அந்தப் பிள்ளைக்கென்றே போடும் கல்வித் திட்டம்) எழுதுவார்கள்: எந்த உதவி, வாரத்துக்கு எவ்வளவு நேரம், என்ன இலக்கு. 1975-இல் வந்த சட்டத்தின் பலன் இது. இப்போது அந்தச் சட்டத்துக்கு ஐடியா (IDEA) என்று பெயர்.

எங்களுக்கு அது கிடைத்தது. கிடைத்தும் பிள்ளை மெதுவாகத்தான் ஏறினான். பொறுமை போய் ஒரு பிரைவேட் பள்ளியைப் பார்க்கப் போனோம். அட்மிஷன் பார்க்கும் அம்மாவுக்கு அவ்வளவு அன்பு. மெத்தென்ற பீன் பேக் போட்ட அறையைக் காட்டி, "இதுதான் லேர்னிங் சென்டர்" என்றார். ஐ.இ.பி. நகலைப் புரட்டிப் பார்த்து, "அருமை, இதன்படியே செய்வோம்" என்று ஃபைலில் வைத்தார். ஃபைலில் வைத்ததோடு சரி.

ஐ.இ.பி. பப்ளிக் ஸ்கூலைத்தான் கட்டுப்படுத்தும். பெற்றோர் தாமாகப் பிரைவேட்டுக்கு மாற்றிய பிள்ளைக்கு அந்தச் சேவைகளைக் கேட்கும் தனிப்பட்ட உரிமை இல்லை. டிஸ்ட்ரிக்ட் தன் நிதியில் ஒரு பங்கை அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று செலவழிக்கும். அதில் நம் பிள்ளைக்கு ஏதாவது வரலாம், வராமலும் போகலாம். பாகுபாடு காட்டக்கூடாது என்ற சட்டங்கள் பல பிரைவேட் பள்ளிகளுக்கும் உண்டு. ஆனால் அவை ஐ.இ.பி.க்கு ஈடாகாது. காசு கட்டியவனுக்குக் கேட்கிற உரிமை கூடும் என்பது நம் ஊர்க் கணக்கு. இங்கே அது தலைகீழ்.

லேர்னிங் சென்டருக்கு ஒரே ஒரு ஆசிரியை, அவரும் வாரத்தில் இரண்டு நாள்தான் என்பது செப்டம்பரில் தெரிந்தது. அக்டோபரில் மெயில் வந்தது: உங்கள் மகனுக்கு எங்கள் பள்ளி பொருத்தமில்லை. சரி, டிசி வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்று பார்த்தால், மார்ச்சில் நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் ஒரு வரி. குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு பிள்ளை எந்தக் காரணத்தால் நின்றாலும், பள்ளியே அனுப்பினாலும், முழு வருட டியூஷன் கட்ட வேண்டும். (இங்கே டியூஷன் என்றால் பள்ளிக் கட்டணம். எனக்கு அதுவே பழக ஒரு வருடம் ஆனது.)

இன்னொன்றும் போயிற்று. டிஸ்ட்ரிக்ட் தக்க கல்வி தரவில்லை என்று நிரூபித்தால் பிரைவேட் கட்டணத்தை அவர்களிடமே திரும்பப் பெற வழி உண்டு; 1985-இல் பர்லிங்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் கடைசி ஐ.இ.பி. கூட்டத்திலோ, பிள்ளையை எடுப்பதற்கு 10 வேலை நாளுக்கு முன் எழுத்திலோ, உங்கள் திட்டம் போதாது, வேறு பள்ளியில் சேர்த்து உங்களிடம் பணம் கேட்போம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் போனால் தொகையைக் குறைக்கலாம், மறுக்கலாம். நான் அனுப்பியது நன்றி சொல்லி ஒரு மெயில். கடைசியில் ஸ்மைலி வேறு.

பிரைவேட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. டிஸ்லெக்சியாவுக்கென்றே நடக்கும் பள்ளிகள் தனி ரகம். சாதாரணப் பள்ளி "உதவி உண்டு" என்றால் குடையுங்கள். வாசிப்பு எந்த முறையில் நடக்கிறது, டிஸ்லெக்சியா பிள்ளைகளுக்கான ஆர்ட்டன்-கில்லிங்ஹாமா, வில்சனா? அதில் பயிற்சி பெற்றவர் யார், வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், ஒரு குழுவில் எத்தனை பிள்ளைகள்? பெற்றோருக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்ட அலங்காரம் செய்துவைத்த ஓபன் ஹவுஸ் அன்று போகாமல், சாதாரண செவ்வாய்க்கிழமையில் ஒரு வகுப்பில் உட்காரக் கேளுங்கள். ஒப்புக்கொண்ட உதவியை ஒப்பந்தத்தோடு இணைத்துத் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அதுவே பதில்.

மகன் ஜனவரியில் பழைய பள்ளிக்கே திரும்பினான். பழைய ஐ.இ.பி.க்கு வருடம் முடிந்திருந்தது. மறுபடியும் கூட்டம், மறுபடியும் இலக்குகள். அந்தப் பள்ளிக்குக் கட்ட வேண்டிய தவணை இன்னும் இரண்டு பாக்கி இருக்கிறது.