பாட்டைக் கேட்டு அட்டைப்படம் வரைவது எப்படி: ஒரு வெற்றிலை உரலின் கதை

தேவகோட்டைத் தம்பி ஒருவர், தன் அப்பத்தா பாடிய ஐந்து தாலாட்டுகளைக் கைபேசியில் பதிவு செய்து, அதற்குப் பின்னால் கிதார் சேர்த்து ஓர் ஆல்பம் ஆக்கினார். "அண்ணே, பேரு 'கொட்டான்'. அட்டைப்படம் நீங்கதான் போடணும்" என்றார். கொட்டான் என்றால் எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்து ஓலைக்கூடை. அந்த வேலையை வைத்தே படிப்படியாகச் சொல்கிறேன். தாள், தடித்த மார்க்கர், ஒரு கைபேசி இருந்தால் தொடங்கிவிடலாம். கணினியில் முடிக்க கிரிட்டா என்ற வரையும் மென்பொருள் போதும், இலவசம்தான்.

1. முதலில் காது

பென்சிலைத் தொடுவதற்கு முன் மூன்று முறை கேளுங்கள். முதல் தடவை சும்மா கேட்டால் போதும். இரண்டாம் தடவை, கையால் தொடக்கூடிய பொருள்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 'ஏக்கம்', 'பாசம்' என்றெல்லாம் எழுதி வைத்தால் அதை எப்படி வரைவது? மூன்றாம் தடவை, பாட்டு அல்லாத சத்தங்களுக்குக் காது கொடுங்கள்.

எனக்கு வழி கிடைத்தது அந்த மூன்றாம் தடவையில்தான். இரண்டாவது பாட்டுக்கும் மூன்றாவது பாட்டுக்கும் நடுவே 'டொக் டொக்' என்று ஏதோ கேட்டது. போன் போட்டேன்.

"அது அப்பத்தா வெத்தலை இடிக்கிறதுண்ணே. வெட்டிரவா?"

"வெட்டிராதீங்க தம்பி."

2. கழிக்க வேண்டியதைக் கழியுங்கள்

தாலாட்டு என்றதும் மனதில் வருவது தொட்டில், நிலா, மடியில் குழந்தை. இவை எல்லாருக்கும் வரும், ஆகவே வேண்டாம். அடுத்து எங்கள் ஊர்க்காரர்களுக்கே உரிய சபலம் ஒன்று உண்டு: பெரிய வீட்டு முகப்பு, பர்மா தேக்குத் தூண், வாசலுக்கு மேலே சுதையில் கஜலட்சுமி. கல்யாணப் பத்திரிகை முதல் மசாலா பாக்கெட் வரை அந்த முகப்பைப் பார்த்துச் சலித்தாயிற்று. அதையும் விட்டேன்.

மனசு வராமல் விட்டது கொட்டானைத்தான். ஓலைப் பின்னலும் அதன் சாயமும் வரைவதற்கே பிறந்தவை. ஆனால் தலைப்பே 'கொட்டான்' என்று சொல்லிவிட்டதே! பெயர் சொன்னதைப் படமும் திரும்பச் சொன்னால் இரண்டில் ஒன்று வெட்டி. பெயர் கொட்டான் என்றால் படம் வேறொன்றைச் சொல்லட்டும். அப்படித்தான் வெற்றிலை உரல் வந்தது.

3. மூன்று சென்டிமீட்டர் சதுரங்கள்

தாளில் மூன்று சென்டிமீட்டர் அளவில் பன்னிரண்டு சதுரங்கள் போடுங்கள். ஒன்றுக்கு இரண்டு நிமிடம், தடித்த மார்க்கரில். பென்சில் வேண்டாம்; பென்சில் பிடித்தால் கை நுணுக்கத்துக்குப் போய்விடும். பிறகு சுவரில் ஒட்டிவிட்டு, பட்டாலையின் (வீட்டுக் கூடத்தின்) மறுகோடியில் நின்று பாருங்கள். என்னவென்று தெரியாததை எல்லாம் கிழித்துவிடலாம்.

ஏன் இவ்வளவு சின்னதாக? கேட்பவர் உங்கள் படத்தை முதலில் பார்ப்பது கைபேசிப் பட்டியலில், விரல்நகம் அளவில்தான். ஒருவகையில் இது பழைய நிலைமைதான். ஏவிஎம் ஸ்டூடியோவைத் தொடங்கிய ஏவி. மெய்யப்பன் சினிமா எடுக்க வருவதற்கு முன், காரைக்குடியில் அவர் குடும்பத்துக் கடையில் கிராமபோன் ரிகார்டுகளும் விற்றார்கள். அந்தக் காலத்து ரிகார்டுகள் பெரும்பாலும் வெறும் காகித உறையில்தான் வரும். நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை, அதன் வழியே மூன்று அங்குல லேபிள் தெரியும். கண்ணில் படுவது அவ்வளவுதான்.

நான் எடுத்தது மேலிருந்து பார்க்கும் கோணம்: உரலின் வட்ட வாய், சாய்ந்த உலக்கை, கீழே பூப்போட்ட தரை. இதைப் பெரிதாக வரைந்து அனுப்பினேன். அப்பத்தா பார்த்துவிட்டு, "இதுல மிளகு இடிக்கலாம், வெத்தலை இடிக்க முடியாது" என்றாராம். வாயை அகலமாகப் போட்டிருக்கிறேன்! வெற்றிலை உரல் குழாய் மாதிரி ஒடுக்கமாக இருக்கும். பொருளைப் புழங்குகிறவரிடம் காட்டாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

4. நிறம்

இதற்கு, பூப்போட்ட தரை ஓடு (டைல்ஸ்) செய்யும் ஆத்தங்குடிப் பட்டறைதான் எனக்குப் பள்ளிக்கூடம். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம், அதற்குள் பூ வடிவத்தில் கம்பி அச்சு. அச்சின் ஒவ்வோர் அறையிலும் வண்ணச் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கினால் நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், கலக்காது. மேலே மணலும் சிமெண்டும் போட்டு மூடி, காய்ந்து, தண்ணீரில் ஊறிய பிறகு கண்ணாடியைப் பிரித்தால் அந்த வழவழப்பு வந்திருக்கும்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். கோடுகளை ஒரு லேயரில் (மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் அடுக்கு) பூட்டிவிட்டு, அறை அறையாக நிறம் ஊற்றுங்கள். நிழல், மினுமினுப்பு எதுவும் இப்போது வேண்டாம். நான்கு நிறத்துக்கு மேல் போகாதீர்கள். நான் எடுத்தவை செங்காவி, மஞ்சள், கரும்பச்சை, சுண்ணாம்பு வெள்ளை. முடிந்ததும் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். என் செங்காவியும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிட்டன. பச்சையை இன்னும் கறுப்பாக்க வேண்டி வந்தது.

5. எழுத்து

தமிழ் எழுத்தில் சிறுத்தால் முதலில் காணாமல் போவது புள்ளி. 'கொட்டான்' என்பதில் இரண்டு புள்ளி. நான் அவற்றைக் கொட்டைப்பாக்கு அளவுக்குப் பெரிதாக்கி, பாக்கு நிறமே கொடுத்தேன். 'ன'வின் சுழியையும் கொஞ்சம் திறந்துவிட்டேன், இல்லையென்றால் அடைத்துக்கொள்ளும்.

6. கோப்பு

இணையத்துக்கு 3000 × 3000 பிக்சல், ஆர்ஜிபி (திரைக்கான நிறமுறை), ஜேபெக் கோப்பு. படத்தில் இணைய முகவரி, விலை எழுதாதீர்கள். பல தளங்கள் திருப்பி அனுப்பிவிடும். தலைப்பின் எழுத்துக்கூட்டு, ஆல்பத்துக்குப் பதிவு செய்த பெயரோடு அப்படியே பொருந்த வேண்டும்.

சிடி உறை என்றால் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் சதுரம், 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி), சிஎம்ஒய்கே (அச்சுக்கான நிறமுறை), சுற்றிலும் வெட்டுக்காக 3 மில்லிமீட்டர் கூடுதல். திரையில் பளபளக்கும் பச்சை அச்சில் மங்கும் என்பதால், முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள்.

அப்புறம், எழுத்தைப் படமாக மாற்றிய பிறகே அச்சகத்துக்கு அனுப்புங்கள். முன்பு வேறொரு வேலையில் நான் எழுத்துருவோடு அப்படியே அனுப்ப, அங்கே அந்த எழுத்துரு இல்லை. ஒற்றைக்கொம்பு எல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. ஐம்பது உறை அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தேன். அவற்றின் பின்பக்கத்தில்தான் இன்னமும் மூன்று சென்டிமீட்டர் சதுரங்கள் போட்டுக்கொண்டிருக்கிறேன்.