விஸ்கி பீப்பாயில் பணம் போடும் முன்: புதியவர்களுக்கான படிப்படி விளக்கம்

2022 ஏப்ரலில் மக்கலன் டிஸ்டில்லரியின் (விஸ்கி வடிக்கும் ஆலை) 1988-ஆம் ஆண்டுப் பீப்பாய் ஒன்று இணைய ஏலத்தில் 10 லட்சம் பவுண்டுக்குப் போனது. அதன் சொந்தக்காரர் 1988-ல் அதற்குக் கொடுத்தது 5,000 பவுண்டு. அதே ஆண்டு ஜூலையில் ஆர்ட்பெக் டிஸ்டில்லரியின் 1975 பீப்பாய் 1.6 கோடி பவுண்டுக்கு விற்றது. பீப்பாய் முதலீட்டை, அதாவது முதிரும் விஸ்கியைப் பீப்பாயோடு வாங்கிப் பிறகு விற்று லாபம் பார்ப்பதைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்த இரண்டு கதைகளும் வந்துவிடும். ஸ்காட்லாந்தின் கிடங்குகளில் சுமார் 2.2 கோடி பீப்பாய்கள் முதிர்ந்துகொண்டிருக்கின்றன என்பதையும் கூடவே சொன்னால்தான் கதை முழுமையாகும். உங்களுக்கு விற்க வருவது பெரும்பாலும் இந்த 2.2 கோடியில் ஒன்று.

இங்கே சொல்வதெல்லாம் ஸ்காட்லாந்தின் விஸ்கியான ஸ்காட்ச்சுக்கு மட்டும். அயர்லாந்து, அமெரிக்கா விதிகள் வேறு.

படி 1: வாங்குவது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாக நிரப்பிய பீப்பாயில் இருப்பது இன்னும் விஸ்கி ஆகவில்லை. 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில், ஸ்காட்லாந்துக்குள், குறைந்தது 3 ஆண்டு இருந்தால்தான் அதற்கு ஸ்காட்ச் விஸ்கி என்ற பெயர். 2009-ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் சொல்வது இது. அதுவும் கலால் கட்டுப்பாட்டில் உள்ள கிடங்கில்தான் இருக்க வேண்டும். வாங்கிய கையோடு வீட்டு மூலையில் நிறுத்தி வைக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். பீப்பாயோடு வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. சிங்கிள் மால்ட் (ஒரே டிஸ்டில்லரியில், முளைகட்டிய பார்லியில் மட்டும் செய்த விஸ்கி) என்றால் புட்டியில் அடைப்பதும் ஸ்காட்லாந்திலேயே நடக்க வேண்டும்.

அளவுகளில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்: சுமார் 200 லிட்டர் பிடிக்கும் பேரல், 250 லிட்டர் ஹாக்ஸ்ஹெட், 500 லிட்டர் பட். சிறிய பீப்பாயில் மரத்தின் சுவை வேகமாக ஏறும், ஆவியாகும் விகிதமும் அதிகம். முன்பு அதில் பூர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்ததா, ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் இருந்ததா, எத்தனையாவது முறை நிரப்புகிறார்கள் என்பதையும் கேளுங்கள். பலமுறை பயன்படுத்திக் களைத்த மரம் பத்து ஆண்டு கழித்தும் பெரிதாக ஒன்றும் கொடுக்காது.

படி 2: தூய ஆல்கஹாலில் கணக்குப் போடுங்கள்

"250 லிட்டர்" என்று கேட்டதும் மனம் உடனே புட்டிகளை எண்ணத் தொடங்கும். கிடங்குக்காரர்களும் வரித்துறையும் எண்ணுவது தூய ஆல்கஹால் லிட்டரை. மொத்த லிட்டரை ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கினால் அது கிடைக்கும்.

ஒரு ஹாக்ஸ்ஹெட்டை முழுசாக, வழக்கமான 63.5 சதவீதத்தில் நிரப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 250 × 0.635 = 158.75 லிட்டர் தூய ஆல்கஹால். ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் மரத்தின் வழியாக ஆவியாகிப் போகும். தேவதைகளின் பங்கு என்று தொழிலில் சொல்வது இதைத்தான். பத்து ஆண்டில் மிச்சம் சுமார் 130 லிட்டர். அதை 46 சதவீதத்துக்கு நீர் சேர்த்து இறக்கினால் 282 லிட்டர், அதாவது 700 மில்லி புட்டிகள் 400 சொச்சம். வடிகட்டும்போதும் அடைக்கும்போதும் இதிலும் கொஞ்சம் போகும்.

2 சதவீதம் என்பது சராசரி. பலகை இடுக்கில் கசியும் பீப்பாய்க்குச் சராசரியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அளவைவிட முக்கியமான ஒரு கோடும் உண்டு: ஆண்டு போகப் போக ஆல்கஹால் சதவீதமும் இறங்கும், 40 சதவீதத்துக்குக் கீழ் இறங்கிய சரக்கை ஸ்காட்ச் என்று விற்க முடியாது. 42, 43-ல் நிற்கும் முப்பது வயதுப் பீப்பாயை "அரிய முதுமை" என்று சொல்லி விற்க வந்தால், அது விற்பவரின் அவசரம் என்று புரிந்துகொள்ளுங்கள். இன்னும் சில ஆண்டு காத்திருக்க அந்தப் பீப்பாய்க்குத் தெம்பு இல்லை.

படி 3: பீப்பாய் யார் பெயரில் இருக்கிறது?

மற்ற படிகளில் தவறினால் லாபம் குறையும். இதில் தவறினால் பீப்பாயே இல்லாமல் போகலாம். எனவே மெதுவாகப் படியுங்கள்.

விற்பவர் அழகான சான்றிதழ் ஒன்று தருவார். தங்க ஓரம், முத்திரை, உங்கள் பெயர் எல்லாம் இருக்கும். அதை மட்டும் நம்பிப் பீப்பாய் உங்களுடையது என்று இருந்துவிடாதீர்கள். உரிமையை நகர்த்துவது டெலிவரி ஆர்டர் என்ற ஆவணம். இன்ன எண்ணுள்ள பீப்பாயை இன்னாருக்கு மாற்றுங்கள் என்று விற்பவர் கையெழுத்திட்டுக் கிடங்குக்காரருக்கு அனுப்புவது அது. கிடங்குக்காரர் தன் பதிவேட்டில் பெயரை மாற்றி, மாற்றிவிட்டேன் என்று எழுத்தில் உங்களுக்கு உறுதி சொல்ல வேண்டும். அந்தக் கடிதம் வரும்வரை வேலை முடியவில்லை.

நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. பல கிடங்குகள் தனிநபருக்குக் கணக்கு திறப்பதில்லை. அதனால் பீப்பாய் தரகு நிறுவனத்தின் கணக்கிலேயே கிடக்கும். உங்கள் பெயர் அந்த நிறுவனத்தின் சொந்த ஏட்டில் மட்டும் இருக்கும். நிறுவனம் நேர்மையாக இருக்கும்வரை இதில் பிரச்சினை இல்லை. திவாலானால், இது என் பீப்பாய் என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். ஒரே பீப்பாயைப் பல பேருக்கு விற்ற புகார்களும், சந்தை விலையைப் போல் பல மடங்குக்கு விற்ற புகார்களும் வந்திருக்கின்றன. லண்டன் நகரக் காவல்துறை இத்தகைய நிறுவனங்களை விசாரித்திருக்கிறது. பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையம் பீப்பாய் விற்பனையைக் கண்காணிப்பதில்லை. பங்கு தரகர் ஏமாற்றினால் முறையிட ஓர் இடம் உண்டு. இங்கே அந்தக் கதவு இல்லை.

பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை:

- பீப்பாய் எண், நிரப்பிய தேதி, டிஸ்டில்லரி, மர வகை
- கிடங்கின் பெயரும் முகவரியும்
- டெலிவரி ஆர்டர் தருவார்களா, எந்தக் கணக்கில் பதிவாகும் என்ற பதில்
- அண்மையில் அளந்த அளவுகள்

பிறகு கிடங்கின் தொலைபேசி எண்ணை நீங்களே தேடி எடுத்துப் பேசுங்கள். விற்பவர் கொடுத்த எண்ணில் பேசினால் அது சரிபார்ப்பு ஆகாது. "கிடங்கை நேரடியாகத் தொடர்புகொள்ளக் கூடாது, ரகசியம்" என்று யாராவது சொன்னால், நான் அங்கேயே எழுந்து வந்துவிடுவேன். தயாரிப்பாளர்களின் சங்கமான ஸ்காட்ச் விஸ்கி அசோசியேஷன் தனிநபர் பீப்பாய் முதலீட்டுக்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. இலவசம். அதையும் படித்துவிடுங்கள்.

படி 4: அளந்து பாருங்கள், ருசித்துப் பாருங்கள்

பீப்பாயைத் திறந்து அளவையும் சதவீதத்தையும் புதிதாகக் கணிப்பது ரீகேஜ். வயதான பீப்பாய் என்றால் வாங்கும் முன் இது கட்டாயம். ஐந்து ஆண்டுக்கு முந்தைய அளவை வைத்து விலை பேசக் கூடாது. இளம் பீப்பாய் என்றால் சில ஆண்டுக்கு ஒருமுறை போதும். சிறு மாதிரியும் கேளுங்கள். இரண்டுக்கும் கிடங்கு கட்டணம் வாங்கும்.

படி 5: வாங்கிய விலைக்கு மேல் வருவதைக் கூட்டுங்கள்

கிடங்கு வாடகை, காப்பீடு ஆகியவை ஆண்டுதோறும் வரும். சில டிஸ்டில்லரிகள் முதல் பத்து ஆண்டு வாடகையை விலையிலேயே சேர்த்துவிடும். பதினோராம் ஆண்டு என்ன என்று கேளுங்கள். காப்பீட்டில் கவனிக்க வேண்டியது, தீப்பிடித்தால் திரும்பக் கிடைப்பது இன்றைய மதிப்பா, நிரப்பிய நாள் மதிப்பா என்பது. கசிவுக்குக் காப்பீடு உண்டா என்பதும் தனிக் கேள்வி.

அப்புறம் பெரிய செலவு. கிடங்குக்குள் இருக்கும்வரை கலால் வரி இல்லை. புட்டிகளில் அடைத்துப் பிரிட்டனிலேயே வெளியே எடுக்கும்போது மொத்தமாக வரும். 2025 பிப்ரவரியில் இந்த வரி தூய ஆல்கஹால் லிட்டருக்கு 32.79 பவுண்டு ஆனது. அந்த விகிதத்தில், மேலே போட்ட கணக்கின் 130 லிட்டருக்குச் சுமார் 4,260 பவுண்டு. அதற்கு மேல் 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி. புட்டி, மூடி, லேபிள், அடைப்புக் கூலி தனி. புட்டிகளை வேறு நாட்டுக்கு அனுப்பினால் பிரிட்டன் கலால் வரி விழாது, அந்த நாட்டு இறக்குமதி வரி விழும். "வரியே இல்லாத முதலீடு" என்ற பேச்சை உங்கள் நாட்டுக் கணக்காளரிடம் கேட்காமல் நம்பாதீர்கள்.

படி 6: யாருக்கு விற்பீர்கள் என்பதை வாங்கும்போதே யோசியுங்கள்

பங்குச் சந்தை போல் ஒரு பொத்தானை அழுத்தி வெளியே வர முடியாது. ஏலம், தரகர், சுயேச்சையாகப் புட்டியில் அடைக்கும் நிறுவனங்கள், சில நேரம் டிஸ்டில்லரியே, வழிகள் இவ்வளவுதான். ஏலத்திலும் தரகிலும் கமிஷன் போகும். சுயேச்சை நிறுவனங்களுக்குப் பீப்பாய்கள் மொத்த விலையில் கிடைக்கின்றன, எனவே நீங்கள் கொடுத்த சில்லறை விலைக்கு மேல் அவர்கள் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. "ஆண்டுக்கு இத்தனை சதவீதம் உறுதி" என்பவரிடம், அந்த விலைக்கு நீங்களே திரும்ப வாங்குவதாக ஒப்பந்தம் எழுதித் தருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள்.

தேவை குறைந்தால் விலையும் இறங்கும். 1980-களில் சரக்கு தேங்கிப் போய், 1983-ல் போர்ட் எலன், பிரோரா போன்ற டிஸ்டில்லரிகளே மூடப்பட்டன.

புட்டியில் அடைத்து விற்கலாம் என்றாலும் பெயர் விஷயம் இருக்கிறது. டிஸ்டில்லரியின் பெயர் அவர்களுடைய வணிகக்குறி. லேபிளில் போட அனுமதி உண்டா என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். சில நிறுவனங்கள் இதைத் தடுக்கவே பீப்பாயில் வேறொரு டிஸ்டில்லரியின் மால்ட் விஸ்கியை ஒரு சொட்டு கலந்துவிடும். பால்வெனி டிஸ்டில்லரியின் விஸ்கியில் கொஞ்சம் கிளென்ஃபிடிக் டிஸ்டில்லரியின் விஸ்கி கலந்தால் அதன் பெயர் பர்ன்சைட். கிளென்ஃபிடிக்கில் பால்வெனி கலந்தால் வார்ட்ஹெட். சுவையில் வித்தியாசம் தெரியாது, ஆனால் சட்டப்படி அது சிங்கிள் மால்ட் இல்லை, விலையும் அதற்கேற்பத்தான்.

கடைசியாக ஒரு வீட்டு வேலை. பத்து, பதினைந்து ஆண்டு கிடக்கப் போகும் சொத்து இது. டெலிவரி ஆர்டர் நகல், கிடங்கின் உறுதிக் கடிதம், வாடகை ரசீதுகளை ஒரே கோப்பில் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். முகவரி மாறினால் கிடங்குக்கும் எழுதுங்கள். வாடகை பாக்கி விழுந்தால் அதை வசூலிக்கப் பீப்பாய் அவர்கள் கையில்தான் இருக்கிறது.